யூசுப் காஸ் ஹாஜிபை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

இன்றைய சீனாவின் மேற்கு ஓரத்தில் வாழும் துருக்கிய இனத்தவரான உய்குர்களின் இலக்கியம் பற்றித் தேட ஆரம்பித்தால் சீக்கிரமே இந்தப் பெயர் வந்து நிற்கும்: யூசுப் காஸ் ஹாஜிப். பதினோராம் நூற்றாண்டு, அதே பகுதியில் உள்ள காஷ்கர் நகரம், ‘குதட்கு பிலிக்’ என்று ஒரு நூல், 6645 ஈரடிகள். அந்த எண்ணைப் பார்த்ததும் சிலர் எங்கேயோ கிடைத்த நாலைந்து பொன்மொழிகளைப் படித்துவிட்டு, சரி, இது ஒரு நீதிநூல் என்று மூடிவிடுகிறார்கள். இன்னும் சிலர் ஒழுங்காக முதல் பக்கத்தில் தொடங்கி, இறைவாழ்த்து, நபி வாழ்த்து, நான்கு தோழர்கள் வாழ்த்து, அரசர் வாழ்த்து, கோள்கள், அறிவின் பெருமை, நாக்கின் நன்மை தீமை என்று நடந்து, கதை ஆரம்பிக்கும் முன்பே களைத்துப்போகிறார்கள்.

இரண்டு வழியும் வேண்டாம். இந்த நூலின் நடுவில் இருப்பது ஒரு வாக்குவாதம். அரண்மனையில் வேலை பார்ப்பவன் ஒருவனும், எல்லாவற்றையும் விட்டுவிட்டு மலையில் தனியாக இருக்கும் உறவினன் ஒருவனும் விடாமல் பேசிக்கொள்கிறார்கள். உலகத்துக்குள் இருந்து நாலு பேருக்கு உதவுவது பெரிதா, விலகிப்போய்த் தன் ஆன்மாவைக் காப்பாற்றிக்கொள்வது பெரிதா என்பதுதான் வழக்கு. மற்றதெல்லாம் அதற்கான ஏற்பாடு என்பது என் கட்சி. கீழே சொல்லும் வழி உங்களை அந்த இடத்தில் கொண்டுபோய் விடுவதற்காகப் போட்டது, அதனால் நூலின் வரிசையை அங்கங்கே மாற்றியிருக்கிறேன்.

முதல் வேலை: பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது

துருக்கியில் யூசுப் ஹாஸ் ஹாஜிப் என்பார்கள், கிர்கிஸ்தானில் ஜுசுப் பலாசாகின், உய்குர்களுக்கு யூசுப் காஸ் ஹாஜிப். எல்லாம் ஒரே ஆள். இதில் ‘காஸ் ஹாஜிப்’ என்பது பதவி. அரசரின் அந்தரங்க அவை அலுவலர் என்று வைத்துக்கொள்ளலாம். நூலை எழுதி முடித்துக் காஷ்கரின் ஆட்சியாளர் தவ்காச் புக்ரா கானிடம் கொடுத்தபோது அவர் மகிழ்ந்து கொடுத்த பதவி அது, அதற்கு முன் இவர் வெறும் யூசுப்தான். நூலின் பெயருக்கு ‘நற்பேறு தரும் அறிவு’ என்று பொருள் சொன்னால் போதும்.

வாழ்க்கை வரலாறு எழுதப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. பிறந்த ஊர் பலாசாகுன். நூலை எழுதி முடித்த ஆண்டு ஹிஜ்ரி 462, அதாவது 1069-70; எழுத ஆன காலம் பதினெட்டு மாதம். இரண்டையும் அவரே நூலில் சொல்கிறார். அண்டங்காக்கை நிறத்தில் இருந்த தன் தலையை ஐம்பது வயது வந்து அன்னத்தின் நிறமாக்கிவிட்டது, இப்போது அறுபது வாவென்று கூப்பிடுகிறது என்றும் ஓர் இடத்தில் புலம்புகிறார். அதிலிருந்து கணக்குப் போட்டுத்தான் சுமார் 1018-19இல் பிறந்திருப்பார் என்கிறார்கள். எழுதும்போது ஐம்பதைத் தாண்டியவர் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசிப் பகுதியைப் படிக்கும்போது அது உதவும்.

அடுத்தது ஊரும் காலமும், ரொம்ப ஆழமாக வேண்டாம்

அன்றைய ஆட்சி கராகானியர்களுடையது. துருக்கிய மொழி பேசிய ஒரு பழங்குடிக் கூட்டமைப்பு. பத்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் காஷ்கரைச் சேர்ந்த சதூக் புக்ரா கான் இஸ்லாத்தைத் தழுவினார் என்பது மரபு. 999இல் புகாரா இவர்கள் கைக்கு வந்தது, பாரசீகப் பண்பாட்டைப் போற்றி வளர்த்த சாமானித் வம்சத்தின் அரசு அதோடு முடிந்தது. யூசுப் எழுதும் காலத்தில் அரசு கிழக்கு, மேற்கு என்று பிரிந்திருந்தது. பலாசாகுனும் காஷ்கரும் கிழக்குப் பகுதியின் இரண்டு முக்கிய நகரங்கள், நடுவில் தியான்ஷான் மலைத்தொடர்.

இதனால் என்ன என்று கேட்டால், யூசுப் உட்கார்ந்து எழுதும்போது அவருடைய அரசவைக்கு இஸ்லாம் வந்து நூறு வருடத்துக்குக் கொஞ்சம் மேல்தான் ஆகியிருந்தது. படித்தவர்கள் அரபியிலும் பாரசீகத்திலும் எழுதினார்கள். பக்கத்துப் பாரசீக மொழியில் ஷாநாமா என்ற அரசர் கதைப் பெருங்காவியம் 1010இல் முடிந்திருந்தது. இவரும் அதே யாப்பை, முதகாரிப் என்று சொல்லும் அந்த நடையை எடுத்துக்கொண்டார், ஆனால் தன் மொழியில் எழுதினார். துருக்கிய மொழியில் இவ்வளவு நீளமான இஸ்லாமிய கால இலக்கியமாக நமக்குக் கிடைப்பவற்றில் இதுதான் முதல். அரபு, பாரசீகச் சொற்கள் மிகக் குறைவு. இறைவனைக்கூட ‘பயாத்’ என்றும் ‘தெங்ரி’ என்றும் பழைய துருக்கியப் பெயர்களால்தான் பெரும்பாலும் அழைக்கிறார், நபிக்கு ‘யலவாச்’, அதாவது தூதர். துருக்கியச் சொற்கள் காட்டு மான் மாதிரி மிரண்டு ஓடின, மெதுவாகப் பிடித்து, தடவிக்கொடுத்து, பக்கத்தில் கொண்டுவந்தேன் என்று அவரே எழுதியிருக்கிறார்.

சமகாலத்தவர் இன்னொருவரையும் தெரிந்துகொள்ளுங்கள்: மஹ்மூத் அல் காஷ்கரி. இவர் பாக்தாதில் இருந்துகொண்டு 1070களில் துருக்கியச் சொற்களுக்கு அரபியில் ஓர் அகராதி எழுதினார். அதில் உள்ள வட்ட வடிவ உலக வரைபடத்தின் நடுவில் இருப்பது பலாசாகுன். அந்த ஊர்க்காரர்கள் சோக்தியன் என்ற பழைய ஈரானிய மொழியும் துருக்கிய மொழியும் இரண்டும் பேசுவார்கள் என்ற குறிப்பும் அவருடையதுதான். யூசுப் வளர்ந்த தெரு எப்படி இருந்திருக்கும் என்று கற்பனை செய்ய இந்த ஒரு குறிப்பே எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

‘உய்குர் கவிஞர்’ என்று சொல்லலாமா?

சொல்லலாம், கொஞ்சம் விவரம் தெரிந்து சொல்ல வேண்டும். யூசுப் தன் மொழியைத் துருக்கிய மொழி என்றுதான் சொன்னார். அவர் காலத்தில் உய்குர் என்ற பெயர் முக்கியமாகக் கிழக்கே துர்பான் பக்கம் இருந்த கோச்சோ அரசைக் குறித்தது. அது அப்போது பௌத்த நாடு, கராகானியர்களுக்கு எதிர்த்தரப்பு.

பிறகு எப்படி இந்த அடையாளம் ஒட்டியது? ஒரு காரணம் கையெழுத்துப் பிரதி. ஐரோப்பியர்கள் முதலில் பார்த்த பிரதி உய்குர் எழுத்தில் இருந்தது. ஹங்கேரிய அறிஞர் வாம்பேரி 1870இல் அதிலிருந்து ஒரு பகுதியை வெளியிட்டபோது தன் புத்தகத் தலைப்பிலேயே ‘உய்குர் மொழிச் சான்றுகள்’ என்று போட்டுவிட்டார். அப்புறம் 1921இல் தாஷ்கண்டில் நடந்த கூட்டத்துக்குப் பிறகு காஷ்கர் முதலான பாலைவனச் சோலை ஊர்களின் மக்கள் உய்குர் என்ற பழைய பெயரைத் தங்கள் பொதுப்பெயராக மீண்டும் எடுத்துக்கொண்டார்கள். காஷ்கர் அவர்கள் ஊர், நூல் முடிந்தது காஷ்கரில், கவிஞரின் கல்லறையும் அங்கே. அவர்கள் உரிமை கொண்டாடுவதில் என்ன தப்பு இருக்கிறது? அதேபோலப் பலாசாகுன் இன்றைய கிர்கிஸ்தானில் இருப்பதால் கிர்கிஸ்காரர்கள் அவரை ஆயிரம் சோம் நோட்டில் போட்டிருக்கிறார்கள், பிஷ்கேக்கில் தேசியப் பல்கலைக்கழகத்துக்கும் அவர் பெயர்தான். துருக்கியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் தங்கள் இலக்கிய வரலாற்றின் தொடக்கத்தில் இவரைப் படிக்கிறார்கள். கஸாக், உஸ்பெக் தரப்பும் விட்டுக்கொடுக்காது. இணையத்தில் இது பற்றி நடக்கும் சண்டைகளுக்குள் போகாதீர்கள், நேரம் வீண்.

ஒரு தாளில் நான்கு பெயர்

இதை மட்டும் உண்மையாகவே செய்யுங்கள். பெயர்கள் நமக்குப் பழக்கமில்லாதவை, அதிலும் இரண்டு பெயர் ‘ஒ’வில் தொடங்கி ‘மிஷ்’ஷில் முடிகின்றன. தாளில் எழுதி நூலுக்குள் வைத்துவிட்டால் குழப்பம் இல்லை.

குன் தோக்தி: அரசர். பெயருக்கு உதித்த சூரியன் என்று பொருள். அவர் நீதி.
ஆய் தோல்தி: அமைச்சர். முழுநிலா. அவர் நற்பேறு, செல்வாக்கு, அதிர்ஷ்டம்.
ஒக்துல்மிஷ்: ஆய் தோல்தியின் மகன். புகழப்பட்டவன். அவன் அறிவு.
ஒத்குர்மிஷ்: ஒக்துல்மிஷின் உறவினர், துறவி. விழித்துக்கொண்டவர். அவர் முடிவைக் குறிக்கிறார், மனிதனின் கடைசிக் கணக்கை.

உருவகம் என்றதும் பொம்மைகள் மாதிரி இருப்பார்களோ என்று தோன்றும். முதல் இருவர் கொஞ்சம் அப்படித்தான், பின்னிருவர் இல்லை.

எந்தப் பதிப்பு

தமிழ் வாசகருக்குக் கைக்கெட்டும் வழி ஆங்கிலம்தான். ராபர்ட் டாங்கோஃப் செய்த முழு மொழிபெயர்ப்பு 1983இல் சிகாகோ பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. முன்னுரை நீளமானது, ஆனால் நல்லது. பாரசீக, இஸ்லாமிய அரச நீதி மரபு துருக்கிய வடிவத்துக்குள் எப்படி வந்து உட்கார்ந்தது என்பது அவருடைய முக்கியமான வாதம். முன்னுரையை நூலுக்குப் பிறகு படியுங்கள் என்பேன். முன்னாடியே படித்தால் அவர் கண்ணாலேயே பார்க்க ஆரம்பித்துவிடுவோம். இன்றைய துருக்கி நாட்டு மொழி தெரிந்தவர்களுக்கு ரெஷித் ரஹ்மெத்தி அராத் 1947இல் வெளியிட்ட மூலபாடமும் 1959இல் வந்த அவருடைய மொழிபெயர்ப்பும் இருக்கின்றன. இன்று எல்லோரும் மேற்கோளுக்குப் போடும் ஈரடி எண்கள் அராத் கொடுத்தவை. எண் இல்லாமல் ‘யூசுப் காஸ் ஹாஜிப் சொன்னார்’ என்று சுற்றும் பொன்மொழிப் படங்களை நம்ப வேண்டாம்.

சரி, படிக்கும் வரிசை

தொடக்க வாழ்த்துகளைத் தாண்டி வசந்த வருணனையில் நுழையுங்கள். அது புக்ரா கானைப் புகழும் பகுதியின் ஆரம்பம். கிழக்குக் காற்று வீசுகிறது, பூமியை மூடியிருந்த கற்பூரம், அதாவது பனி, போய்விட்டு எங்கும் கஸ்தூரி மணக்கிறது. கிதாய் நாட்டு, அதாவது வட சீனத்து, வணிகக் கூட்டம் வந்து பழுப்பு மண்மீது சீனப் பட்டை விரித்துப் போட்ட மாதிரி பூக்கள். வாத்தும் அன்னமும் கத்திக்கொண்டு வானத்தை நிறைக்கின்றன. பட்டுப்பாதை ஊரில் பிறந்தவனுக்கு வசந்தத்தைப் பார்த்ததும் சரக்கு வண்டி ஞாபகம் வருகிறது பாருங்கள், அந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

கோள்கள் பற்றிய அத்தியாயத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். பன்னிரண்டு ராசிகளையும் துருக்கியப் பெயரில் அடுக்குகிறார்: செம்மறிக் குட்டி, காளை, இரட்டையர், நண்டு, சிங்கம், கோதுமைக் கதிர், தராசு, தேள், வில், ஆட்டுக்குட்டி, வாளி, மீன். மேஷம் முதல் மீனம் வரை தெரிந்த நமக்கு உரையே தேவையில்லை. கன்னிக்குப் பதில் அவள் கையில் இருக்கும் கதிர், கும்பத்துக்குப் பதில் வாளி, அவ்வளவுதான்.

பிறகு நாக்கு, அறிவு பற்றிய அத்தியாயங்களைப் புரட்டிப் பாருங்கள். நாக்கு வாசற்படியில் படுத்திருக்கும் சிங்கம், வீட்டுக்காரனே கவனம், உன் தலையைத் தின்றுவிடும் என்ற ஈரடி இங்கேதான் வருகிறது. மனித மனம் அடியில்லாத கடல், அறிவு அதற்குள் கிடக்கும் முத்து, வெளியே எடுக்காதவரை அது முத்தா கூழாங்கல்லா என்று யாருக்குத் தெரியும் என்பதும் இங்கேதான். பொன்மொழி சேர்ப்பவர்கள் பெரும்பாலும் இதோடு நின்றுவிடுகிறார்கள்.

கதை இப்படித் தொடங்குகிறது. ஆய் தோல்தி என்ற திறமைசாலி இளைஞன் அரசர் குன் தோக்தியின் புகழைக் கேட்டு ஊரை விட்டுக் கிளம்பித் தலைநகருக்கு வருகிறான். வந்தால் தங்க இடமில்லை, தெரிந்த முகமில்லை. குசெமிஷ் என்று ஒருவன் நண்பனாகிறான், அவன் மூலமாக எர்சிக் என்ற அரசவை அலுவலரைப் பார்க்கிறான், அவர் மூலமாகத்தான் அரசர். பெரிய இடத்தில் வேலைக்குப் போக அன்றைக்கும் ஆள் தெரிய வேண்டியிருந்தது!

இனி இரண்டு காட்சிகளை அவசரப்படாமல் படியுங்கள். முதலாவது பந்து. அரசர் உட்காரச் சொல்கிறார். ஆய் தோல்தி மடியிலிருந்து ஒரு பந்தை எடுத்துப் போட்டு அதன்மேல் உட்காருகிறான். அரசர் பேசும்போது கண்ணை மூடிக்கொள்கிறான், முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அரசருக்குக் கோபம் வருகிறது. அப்போது சொல்கிறான்: நான் அதிர்ஷ்டம், நான் இருக்கிற இடம் உருண்டுகொண்டே இருக்கும், எனக்குக் கண் கிடையாது, யார் கையில் அகப்படுகிறேனோ அவரோடு ஒட்டிக்கொள்வேன், என்னை நேசிப்பவரிடமிருந்தும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். தன் முதலாளியிடம் இதைவிட நேர்மையான அறிமுகம் யாரும் செய்துகொண்டிருக்க மாட்டார்கள்.

இரண்டாவது அரசரின் பதில். ஒருநாள் அவர் மூன்று காலுள்ள வெள்ளி ஆசனத்தில், முகத்தைக் கடுகடுவென வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கையில் பெரிய கத்தி, வலப்பக்கம் சர்க்கரை, இடப்பக்கம் ஒரு கசப்பு மூலிகை. மூன்று கால் ஆசனம் ஒருபக்கமாக ஆடாது, சாயாது. கத்தி, வழக்கை நீட்டி இழுக்காமல் வெட்டி முடிப்பதற்கு. அநியாயம் நடந்து என் வாசலுக்கு வந்தவன் சர்க்கரை சாப்பிட்டவன் மாதிரி சிரித்துக்கொண்டு போவான், அநியாயம் செய்தவன் கசப்பைக் குடித்தவன் மாதிரி முகம் சுளிப்பான் என்கிறார். மகனானாலும் வழிப்போக்கனானாலும் தீர்ப்பில் வித்தியாசம் இல்லை என்றும் சேர்த்துக்கொள்கிறார்.

ஆய் தோல்தி நோயில் விழுந்து இறந்துபோகிறான். அதிர்ஷ்டம் தன் வாக்கைக் காப்பாற்றிவிட்டது. மகன் ஒக்துல்மிஷ் வளர்ந்து அரசரிடம் வருகிறான், இங்கேயிருந்து நூல் வேறு நடை எடுக்கிறது.

பட்டியல் அத்தியாயங்களை என்ன செய்வது

அரசர் கேட்பார், ஒக்துல்மிஷ் சொல்வான்: அமைச்சர் எப்படி இருக்க வேண்டும், படைத்தலைவர், அவை அலுவலர், வாயில்காவல் தலைவர், தூதர், எழுத்தர், பொருளாளர், சமையல்காரர், பானம் ஊற்றிக் கொடுப்பவர். முதல் வாசிப்பில் எல்லாவற்றையும் படிக்கத் தேவையில்லை. இரண்டு இடத்தை மட்டும் விடாதீர்கள்.

ஒன்று படைத்தலைவர். அவருக்குச் சிங்கத்தின் நெஞ்சு, புலியின் கை, காட்டுப்பன்றியின் பிடிவாதம், ஓநாயின் பலம், கரடியின் மூர்க்கம், நரியின் தந்திரம், ஆண் ஒட்டகத்தின் வன்மம், மலை அண்டங்காக்கையின் தூரப் பார்வை, இரவில் ஆந்தையின் தூக்கமின்மை எல்லாம் வேண்டுமாம். எல்லாம் ஒரே ஆளுக்கு. இரண்டாவது, ஆட்சியின் கணக்கு: நாட்டைப் பிடித்து வைத்திருக்கப் படை வேண்டும், படையை வைத்திருக்கப் பணம் வேண்டும், பணம் வர மக்கள் செழிப்பாக இருக்க வேண்டும், மக்கள் செழிக்கச் சட்டம் நேராக இருக்க வேண்டும், இதில் ஒன்றைக் கைவிட்டால் நாலும் போய்விடும். மேற்காசிய அரசியல் நூல்களில் ‘நீதி வட்டம்’ என்று சொல்லப்படும் கருத்தின் பழைய, சுருக்கமான வடிவங்களில் இது ஒன்று. செல்ஜூக் அமைச்சர் நிஜாமுல் முல்க் தன் அரசியல் நூலை எழுதியது இதற்குச் சுமார் இருபது வருடம் கழித்து.

இப்போது நடு இடம், இங்கே மெதுவாக

உன்னைப்போல இன்னொருவன் எனக்கு வேண்டும் என்று அரசர் கேட்கிறார். என்னைவிட மேலான ஒருவர் உண்டு, என் உறவினர் ஒத்குர்மிஷ், ஆனால் அவர் மலையில் இருக்கிறார், வர மாட்டார் என்கிறான் ஒக்துல்மிஷ். அரசர் தன் கையால் கடிதம் எழுதிக் கொடுத்தனுப்புகிறார்.

மலையில் நடக்கும் பேச்சை நூலின் உச்சம் என்பேன். துறவி உலகத்தின் குறைகளை வரிசையாகச் சொல்கிறார். இளையவன் விடவில்லை: நீ இங்கே தொழுவதும் நோன்பிருப்பதும் உனக்கு மட்டும்தான், அதில் அடுத்தவனுக்கு என்ன லாபம்? ஊருக்குள் வா, பசித்தவனுக்குக் கொடு, ஏழைக்கு வேலை செய், அதுவும் வழிபாடுதான் என்கிறான். துறவி மறுத்துக் கடிதம் எழுதி அனுப்புகிறார். அரசர் மறுபடி எழுதுகிறார், ஒக்துல்மிஷ் மறுபடி மலையேறுகிறான்.

இந்த இரண்டாவது சந்திப்பில்தான் புதிதாகப் படிப்பவர்கள் தடுக்கி விழுவார்கள், ஏனென்றால் இன்னொரு நீண்ட பட்டியல் வருகிறது. சரி, நான் வந்தால் அரசருக்கு எப்படி வேலை செய்ய வேண்டும், ஊரில் யாரோடு எப்படிப் பழக வேண்டும் என்று துறவி கேட்கிறார். இளையவன் உற்சாகமாக உலகம் முழுவதையும் விரித்துக் காட்டுகிறான். அவன் சொல்வதை ஒரு விற்பனைப் பேச்சாக எடுத்துக்கொண்டு படியுங்கள், சலிப்பு தட்டாது. வைத்தியர்கள் உண்டு, மந்திரிப்பவர்களும் உண்டு: ஒருவர் மருந்து தின்னச் சொல்வார், மற்றவர் தாயத்தைக் கட்டச் சொல்வார், ஒருவர் பேச்சை ஒருவர் ஏற்கமாட்டார், இரண்டு பேரோடும் நல்லபடியாக இரு. வணிகர்கள் லாப நட்டத்தில் கொஞ்சம் உணர்ச்சிவசப்படுவார்கள், ஆனால் அவர்கள் இல்லாவிட்டால் நீ எப்படிக் கறுப்பு மென்மயிர்த் தோல் உடுத்துவாய், கிதாய் வணிகக் கூட்டத்தின் தூசி எழாவிட்டால் இந்தப் பட்டெல்லாம் எங்கேயிருந்து வரும்? கால்நடை மேய்ப்பவர்களிடம் படிப்பை எதிர்பார்க்காதே, ஆனால் நேர்மையானவர்கள், பாலும் தயிரும் குமிஸ் என்கிற புளித்த குதிரைப் பாலும் அவர்கள் தருவதுதான். கவிஞர்கள் கேட்டதைக் கொடுத்துவிடு, இல்லாவிட்டால் அவர்கள் நாக்கிலிருந்து தப்ப முடியாது (இதை எழுதியவர் தொழில் என்ன என்பதை மறக்க வேண்டாம்). விருந்தில் வலக்கையால் சாப்பிடு, அடுத்தவர் முன்னால் இருப்பதில் கைவைக்காதே, சூடான உணவை ஊதாதே.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் துறவி வர மாட்டேன் என்கிறார். இவ்வளவு கடினமாக இருக்கும் என்றால் எனக்கு எதற்கு என்ற தொனி. அத்தனை அத்தியாயப் பேச்சும் ஒரே மறுப்பில் சரிந்துவிழும் இடம் அது. பட்டியலைத் தாண்டிக் குதித்தவர்களுக்கு இந்த அடி விழாது, அதனால்தான் மேலோட்டமாகவாவது படிக்கச் சொல்கிறேன்.

இந்தப் பகுதியில் ஒரு முள்ளும் இருக்கிறது. திருமணம், பிள்ளை வளர்ப்பு அத்தியாயங்களில் பெண்கள் பற்றி யூசுப் சொல்வது கடுமையானது: பெண் பிள்ளை பிறக்காமலே இருப்பது நல்லது, பெண்களை வீட்டுக்குள்ளேயே வை என்ற ரகம். அவருடைய காலம் அப்படி என்று மென்று விழுங்கத் தேவையில்லை, நீதியைப் பற்றி அவ்வளவு பேசியவர் என்பதால் இன்னும் உறுத்தத்தான் செய்யும். பொன்மொழித் தொகுப்புகள் இதை எடுத்துப் போடுவதில்லை.

மூன்றாவது முறை, வேலைக்கு வேண்டாம், ஒருமுறை வந்து பார்த்துவிட்டாவது போகட்டும் என்கிறார் அரசர். துறவி வந்து, அறிவுரை சொல்லிவிட்டு, மலைக்கே திரும்பிவிடுகிறார். பிறகு நடப்பதைக் கவனியுங்கள். ஒக்துல்மிஷுக்கே மனம் மாறுகிறது. வாழ்நாள் எல்லாம் அரண்மனையில் வீணாகிவிட்டதோ, நானும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு உன்னோடு வந்துவிடவா என்று துறவியிடம் போய் நிற்கிறான். துறவி வேண்டாம் என்கிறார். நீ விலகினால் நாட்டு ஒழுங்கு கெடும், மக்கள் கஷ்டப்படுவார்கள், உன் இடம் அங்கேதான் என்கிறார். இவ்வளவு நேரம் ஒருவன் சொன்னதை இப்போது மற்றவர் சொல்கிறார். யார் ஜெயித்தார்கள் என்று யூசுப் சொல்லவில்லை, நானும் பலமுறை யோசித்து விட்டுவிட்டேன்.

கடைசிக் கனவும் இதே வழக்குதான். துறவி நோயில் இருக்கும்போது கனவில் ஐம்பது படி உள்ள ஏணி ஒன்றில் ஏறுகிறார், உச்சியில் குடிக்கத் தண்ணீர் கிடைக்கிறது, குடித்ததும் வானத்தில் பறந்து மறைகிறார். ஒக்துல்மிஷ் அதற்கு உயர்வு, பெருமை, நீண்ட ஆயுள் என்று பலன் சொல்கிறான். துறவி, இல்லை, ஏணிப் படிகள் நான் வாழ்ந்த ஆண்டுகள், இது என் சாவு என்கிறார். அவர் சொன்னதுதான் நடக்கிறது. அவருடைய கைத்தடியும் கிண்ணமும் மட்டும் ஊருக்கு வந்து சேர்கின்றன.

முடிந்த பிறகும் மூன்று துண்டுகள் இருக்கின்றன

கதைக்குப் பின்னால் மூன்று சிறு பாடல்கள் இணைப்பாக உள்ளன: போன இளமைக்கு வருந்துவது, காலம் கெட்டுப்போனதையும் நண்பர்களின் துரோகத்தையும் சொல்வது, தனக்குத்தானே புத்தி சொல்லிக்கொள்வது. இங்கே பாத்திரங்கள் யாரும் இல்லை, ஐம்பது தாண்டிய யூசுப் மட்டும். ஒரு மாலை நேரத்தில் தனியாகப் படிக்க ஏற்றவை. நூலை வாங்கிவிட்டு எதுவும் படிக்க நேரமில்லை என்றால் இந்தச் சில பக்கங்களையாவது படித்துவிடுங்கள்.

பிரதிகளின் கதை, விரும்புகிறவர்களுக்கு

மூன்றே கையெழுத்துப் பிரதிகள்தான் இருக்கின்றன. உய்குர் எழுத்தில் உள்ளது 1439இல் ஹெராத்தில் எழுதப்பட்டு, பிறகு அனத்தோலியாவின் தோகாத்துக்குப் போய், 1474இல் இஸ்தான்புல் சேர்ந்து, அங்கே ஆஸ்திரிய அறிஞர் ஹாம்மர் புர்க்ஸ்டால் கையில் கிடைத்து வியன்னாவுக்குப் போனது. மற்ற இரண்டும் அரபு எழுத்தில்: 1896இல் கெய்ரோ நூலகத்தில் தெரியவந்தது ஒன்று, முதல் உலகப் போருக்குச் சற்று முன் பெர்கானா பள்ளத்தாக்கின் நமங்கானில் ஜெகி வெலிதி தோகான் கண்டது இன்னொன்று. அது இப்போது தாஷ்கண்டில் இருக்கிறது, மூன்றிலும் நல்ல பிரதி அதுதான். யூசுபின் கையால் எழுதியது எதுவும் இல்லை. நூலின் முன்னால் வரும் உரைநடை முன்னுரையும்கூட அவருடையதல்ல, பிற்காலத்தில் யாரோ சேர்த்தது. ஈரானியர்கள் இதைத் துருக்கியரின் ஷாநாமா என்கிறார்கள் என்ற பெருமையெல்லாம் அதில்தான் இருக்கிறது, எனவே கவிஞர் தன்னையே புகழ்ந்துகொண்டதாக நினைக்க வேண்டாம்.

நேரில் போக நினைத்தால்

எளிதானது கிர்கிஸ்தான். பிஷ்கேக்கிலிருந்து தோக்மோக்குக்கு மர்ஷ்ருட்கா என்கிற பகிர்வு வேன் கிடைக்கும், அங்கிருந்து டாக்ஸி பிடித்தால் கொஞ்ச தூரத்தில் புரானா கோபுரம். பதினோராம் நூற்றாண்டு மினாரா. ஒருகாலத்தில் சுமார் 45 மீட்டர் இருந்திருக்கும், நிலநடுக்கங்கள் மேல்பாதியைத் தள்ளிவிட்டு இப்போது சுமார் 25 மீட்டர் நிற்கிறது. உள்ளே படிக்கட்டு குறுகல், இருட்டு, எதிரே ஆள் வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், செல்போன் விளக்கு கைவசம் இருக்கட்டும். மேலே போனால் சூய் பள்ளத்தாக்கும் தெற்கே மலைகளும். பலாசாகுன் இதுதான் என்று கருதி 2014இல் யுனெஸ்கோ பட்டுப்பாதைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். நகரத்தில் இந்தக் கோபுரமும் சில கல்லறைகளின் அடித்தளமும் தவிர நின்று பார்க்க அதிகமில்லை. பக்கத்துப் புல்வெளியில் வரிசையாக நிற்கும் மனித முகக் கற்கள், பல்பல்கள், வேறு இடங்களிலிருந்து கொண்டுவந்து வைத்தவை.

காஷ்கரில் இருப்பது கல்லறை மாளிகை. பண்பாட்டுப் புரட்சிக் காலத்தில் இடிக்கப்பட்டு, பிறகு திரும்பக் கட்டப்பட்டது. எனவே நீங்கள் பார்க்கும் நீல ஓடுகள் அந்தக் கால ஓடுகள் என்று நினைத்துப் படம் எடுக்காதீர்கள்.

இதற்கு அப்புறம் என்ன படிப்பது என்று கேட்டால், காஷ்கரியின் அகராதிதான் என் பதில். அதில் சொற்பொருளுக்கு உதாரணமாக நாட்டுப் பாடல்களும் பழமொழிகளும் நிறைய வருகின்றன, யூசுப் அரண்மனைக்குள்ளிருந்து பார்த்த அதே மக்கள் வெளியே தெருவில் என்ன பாடிக்கொண்டிருந்தார்கள் என்பது அங்கே கேட்கும். நீதிப் பாடல்தான் வேண்டும் என்றால் அடுத்த நூற்றாண்டு எதிப் அஹ்மத் யுக்னெக்கி இருக்கிறார். மிகச் சிறிய நூல், ஒரே உட்காரலில் முடிந்துவிடும்.